கார்டை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி: உங்க பாட்டு உண்மையில எங்க இருக்கு?

எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது.

இன்னைக்கு மைக் இல்ல, ப்ளகின் இல்ல, ரிவெர்ப் இல்ல. ஃபோல்டர் பத்திப் பேசப் போறோம். தலைப்பைப் பார்த்ததும் அடுத்த எபிசோடுக்குத் தாவ நினைக்கிறவங்க ஒரு மூணு நிமிஷம் மட்டும் இருங்க. நான் ஒரு தப்பு பண்ணேன். அதைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் நண்பனோட பாட்டு ஒண்ணுக்கு நாதஸ்வரம் தேவைப்பட்டது. கும்பகோணம் பக்கம் அவனோட ஊர்ல ஒரு வித்வான் இருக்கார், எழுபது வயசு தாண்டினவர். அவர் வீட்டுத் திண்ணையிலயே கையடக்க ரெக்கார்டரை வச்சுப் பதிவு பண்ணோம். எங்க பாட்டுக்கு வேண்டியது எட்டே வரி. அதை வாசிச்சு முடிச்சதும் நாங்க ஹெட்ஃபோனைக் கழட்டப் போனோம். "இருங்க தம்பி"ன்னு சொல்லிட்டு, பைரவியில ஒரு பத்து நிமிஷம் அவர்பாட்டுக்கு வாசிச்சார். ரெக்கார்டர் ஓடிட்டே இருந்தது.

அன்னைக்கு ராத்திரி லாட்ஜ் ரூம்ல கார்டை லேப்டாப்ல சொருகி, ஃபைலை இழுத்து ப்ராஜெக்ட்ல போட்டேன். அலைவடிவம் வந்தது, ப்ளே பண்ணா கேட்டுது, சேவ் பண்ணேன். எட்டு வரியை மட்டும் வெட்டி, கீ போர்டு, டிரம்ஸோட சேர்த்து ஒரு ரஃப் மிக்ஸ் எடுத்து எம்பி3யா நண்பனுக்கு அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒரு ரெக்கார்டிங்குக்கு அதே கார்டு வேணும். "அதான் ப்ராஜெக்ட்ல இருக்கே"ன்னு நினைச்சு ஃபார்மேட் பண்ணிட்டேன். அது மேலயே புதுசா ஒரு மணி நேரம் பதிவும் பண்ணிட்டேன்.

அப்புறம் ப்ராஜெக்ட்டைத் திறந்தப்போ, ஃபைலைக் காணோம், எங்க இருக்குன்னு காட்டுங்கன்னு ஒரு பெட்டி வந்தது. காட்டுறதுக்கு எங்கேயும் இல்ல. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன், துண்டு துண்டா இரைச்சல்தான் வந்தது.

மறுபடி போய் வாசிக்கச் சொல்லலாமேன்னு தோணும். போனோம். அதுக்குள்ள அவருக்கு முன்பல் ரெண்டை எடுத்திருந்தாங்க. பல்செட் வச்சும் சீவாளி பிடி நிக்கலை. ரெண்டு மூணு தடவை ஊதிப் பார்த்துட்டு கீழே வச்சுட்டார். "அன்னைக்கு வாசிச்சதுதான் இருக்குல்ல தம்பி, அதை வச்சுக்குங்க"ன்னார். எனக்கு இருக்குன்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை.

வேலையில நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். பாயின்டர்னா என்ன, காப்பின்னா என்னன்னு தெரிஞ்சுதான் டிகிரி வாங்கினேன். அப்படியும் இந்தத் தப்பைப் பண்ணேன். அதனால இது அறிவு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, பழக்கம் சம்பந்தப்பட்ட விஷயம். வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள பாட்டு கிடையாது

கல்யாணத்துக்குச் சமையல்காரர் ஒரு மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். அந்தப் பேப்பர்ல துவரம்பருப்பு இருக்கு, நெய் இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா பேப்பரைக் கொதிக்க வச்சா சாம்பார் வராது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல நாம சேவ் பண்ற ப்ராஜெக்ட் ஃபைலும் பெரும்பாலும் இந்த லிஸ்ட்தான். எந்த டிராக், எந்த ஆடியோ ஃபைல், அதுல எந்த நொடியில இருந்து எந்த நொடி வரைக்கும், வால்யூம் எவ்வளவு, எந்த எஃபெக்ட். இதெல்லாம் அதுல எழுதியிருக்கும். ஒலி இருக்கிறது வேற இடத்துல.

சந்தேகமா இருந்தா அளவைப் பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு 8.64 எம்பி எடுக்கும். கணக்கு ரொம்ப சிம்பிள்: நொடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொண்ணும் 3 பைட், அதை 60ஆல பெருக்குங்க. ஒரு மணி நேரத்துக்கு 518 எம்பி. எட்டு டிராக்னா 4 ஜிபியைத் தாண்டிடும். அதே ப்ராஜெக்ட்டோட சேவ் ஃபைல் சில நூறு கேபிதான் இருக்கும். அதுக்குள்ள ஒலி இருக்க வாய்ப்பே இல்ல.

ரீப்பர் யூஸ் பண்றவங்க இதைக் கண்ணாலயே பார்க்கலாம். அதோட ஆர்பிபி ஃபைல் வெறும் டெக்ஸ்ட். நோட்பேட்ல திறந்து "ஃபைல்"னு ஆரம்பிக்கிற வரியைத் தேடுங்க, ஒவ்வொரு கிளிப்போட முகவரியும் தெரியும். ஏபிள்டன் லைவ்வோட ஏஎல்எஸ் ஃபைல் ஜிஜிப்பால சுருக்கின எக்ஸ்எம்எல். விரிச்சுப் பார்த்தா அதுலயும் முகவரிதான்.

இது மோசமான டிசைன்னு நினைச்சுடாதீங்க. இப்படி இருக்கிறதாலதான் நீங்க ஒரு கிளிப்பை நூறு இடத்துல வெட்டினாலும் அசல் பதிவுல ஒரு கீறலும் விழாது. ஒரே தவில் அடியை இருபது இடத்துல ஒட்டினாலும் டிஸ்க்ல ஒரே ஒரு காப்பிதான். இந்த வசதிக்கு நாம கொடுக்கிற விலை, அந்த முகவரியைக் காப்பாத்த வேண்டியது நம்ம பொறுப்பு.

முகவரி எப்படி உடையுது

முகவரி ரெண்டு வகை. "மெயின் ரோடு, 14ஆம் நம்பர் வீடு"ன்னு சொல்றது ஒண்ணு. "நம்ம வீட்டு மாடி ரூம்"னு சொல்றது இன்னொண்ணு. முதல் வகையில வீடு மாறினா கடிதாசி வந்து சேராது. ரெண்டாவது வகையில மொத்தக் குடும்பமும் எந்த ஊருக்குப் போனாலும் மாடி ரூம் மாடி ரூம்தான். கம்ப்யூட்டர்ல முதல் வகைக்கு அப்சல்யூட் பாத், ரெண்டாவதுக்கு ரிலேட்டிவ் பாத்.

பிரச்சினை வர்ற இடங்கள் எப்பவும் ஒரே மாதிரிதான்.

ஒண்ணு, நான் பண்ணது. கார்டுல இருந்தோ பென் டிரைவ்ல இருந்தோ நேரா இழுத்துப் போடுறது. பல சாஃப்ட்வேர்கள் செட்டிங்கைப் பொறுத்து ஃபைலை இருந்த இடத்துலயே விட்டுட்டு முகவரியை மட்டும் குறிச்சுக்கும்.

ரெண்டு, டவுன்லோட்ஸ் ஃபோல்டர். பாடகர் வேற ஊர்ல இருந்து டேக் அனுப்புவாங்க, அது டவுன்லோட்ஸ்ல இறங்கும், அங்க இருந்தே இழுத்துப் போடுவோம். மூணு மாசம் கழிச்சு இடம் இல்லைன்னு டவுன்லோட்ஸைக் காலி பண்ணுவோம்.

மூணு, விண்டோஸ்ல டிரைவ் எழுத்து. இன்னைக்கு ஈ டிரைவா இருந்த ஹார்ட் டிஸ்க், நாளைக்கு வேற கம்ப்யூட்டர்ல சொருகினா எஃப் டிரைவா வரலாம். ஃபைல் பத்திரமா இருக்கும், ஆனா முகவரி தப்பு.

நாலு, ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் மெயில்ல அனுப்புறது. மிக்ஸிங் பண்றவருக்கு லிஸ்ட் போகும், மளிகை போகாது.

உங்க சாஃப்ட்வேர்ல எந்த பட்டன்

எல்லா சாஃப்ட்வேர்லயும் இதுக்கு ஒரு வழி இருக்கு. பேர்தான் வேற வேற.

ரீப்பர்ல ப்ராஜெக்ட்டை முதல் தடவை "சேவ் ஆஸ்" பண்ணும்போதே கீழ ரெண்டு டிக் பாக்ஸ் இருக்கும். ப்ராஜெக்ட்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கு, எல்லா மீடியாவையும் அதுக்குள்ள காப்பி பண்ணு. ரெண்டையும் டிக் பண்ணுங்க. புதுசா இழுத்துப் போடுற ஃபைலைத் தானா காப்பி பண்ற செட்டிங்கும் ப்ரிஃபரன்ஸஸ்ல இருக்கு.

ஏபிள்டன் லைவ்ல ஃபைல் மெனுவுல "கலெக்ட் ஆல் அண்ட் சேவ்". வெளியில இருந்து எடுத்தது எல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள சாம்பிள்ஸ்ங்கிற ஃபோல்டருக்கு வந்து சேரும்.

லாஜிக் ப்ரோ சேவ் பண்ணும்போது பேக்கேஜா, ஃபோல்டரான்னு கேட்கும். கூடவே எதையெல்லாம் உள்ளே காப்பி பண்ணணும்னு டிக் பாக்ஸ் இருக்கும். பேக்கேஜ்ங்கிறது மேக்ல பார்க்க ஒரே ஃபைல் மாதிரி தெரியும், ஆனா உள்ளே அது ஃபோல்டர்தான். யாருக்காவது அனுப்புறதா இருந்தா ஜிப் பண்ணி அனுப்புங்க.

ப்ரோ டூல்ஸ் செஷனை ஆரம்பிச்சதுமே ஆடியோ ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டுடும். முழு செஷனையும் இன்னொரு இடத்துக்குக் கொண்டு போக "சேவ் காப்பி இன்". க்யூபேஸ்ல "ப்ரிப்பேர் ஆர்க்கைவ்", "பேக்கப் ப்ராஜெக்ட்". எஃப்எல் ஸ்டுடியோவுல "ஜிப்ட் லூப் பேக்கேஜ்"னு எக்ஸ்போர்ட் பண்ணலாம்.

ஆடாசிட்டி கதை கொஞ்சம் வேற. முன்னாடி ஏயூபி ஃபைலும், பக்கத்துல டேட்டான்னு முடியற ஒரு ஃபோல்டரும் இருக்கும். அந்த ஃபோல்டர்ல ஒலி சின்னச் சின்னத் துண்டா கிடக்கும். ஒண்ணை நகர்த்தி இன்னொண்ணை விட்டா கதை முடிஞ்சது. 2021 மார்ச்ல வந்த 3.0 வெர்ஷன்ல இருந்து ஏயூபி3ன்னு ஒரே ஃபைல். உள்ளே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், ஒலியும் அதுக்குள்ளயே இருக்கும். இங்க மட்டும் மளிகையும் லிஸ்ட்டும் ஒரே மூட்டை.

ஒரு எச்சரிக்கை. இந்த பட்டன்கள் ஆடியோ ஃபைலைச் சேகரிக்கும். ஆனா கான்டாக்ட் மாதிரி சாம்ப்ளர்ல நீங்க வாசிச்ச தபலா லைப்ரரியையோ, காசு கொடுத்து வாங்கின ப்ளகினையோ தூக்கிட்டு வராது. மிடி டிராக்ங்கிறது ஸ்வரக் குறிப்பு மாதிரி. வாத்தியம் இல்லாத வீட்டுல குறிப்பு மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? அந்த டிராக்கை ஒரு தடவை ஆடியோவா பவுன்ஸ் பண்ணி உள்ளே வச்சிடுங்க.

ஒரு பாட்டு, ஒரு ஃபோல்டர்

இப்போ நான் கடைப்பிடிக்கிற முறை. பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். அந்தப் பாட்டுக்குச் சம்பந்தப்பட்ட எதுவும் அதுக்கு வெளியே இருக்கக் கூடாது. ப்ராஜெக்ட் ஃபைல் வாசல்ல, அதாவது ஃபோல்டரோட மேல் மட்டத்துல. மத்ததெல்லாம் அதுக்குள்ள இருக்கிற சப் ஃபோல்டர்ல. ஆடியோ எப்பவும் ப்ராஜெக்ட் ஃபைலுக்குக் கீழேயே இருந்தா மாடி ரூம் முகவரி தப்பாது.

உள்ளே அஞ்சு ஃபோல்டர்:

01_மூலம்: ரெக்கார்டர்ல இருந்தும் வெளியாட்கள் கிட்ட இருந்தும் வந்தது, வந்தபடியே. இதுக்குள்ள எதையும் வெட்ட மாட்டேன், பேர் மாத்த மாட்டேன், அழிக்க மாட்டேன்.
02_ஆடியோ: சாஃப்ட்வேர் நேரா ரெக்கார்ட் பண்றது, காப்பி பண்றது.
03_மிக்ஸ்: கேட்கிறதுக்காக வெளியே எடுத்த ஸ்டீரியோ ஃபைல்கள்.
04_ஸ்டெம்: டிராக் வாரியா எடுத்தது. இதைப் பத்தி கடைசியில சொல்றேன்.
05_குறிப்பு: பாட்டு வரி, ஒப்பந்தம், போட்டோ.

இது கூட வாசல்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதுல பாட்டோட பேர், டெம்போ, சாம்பிள் ரேட், சுருதி எத்தனை கட்டை, யார் யார் வாசிச்சாங்க, எந்தத் தேதி, எந்த மைக். அஞ்சு நிமிஷ வேலை. ஒரு வருஷம் கழிச்சு, "நாதஸ்வரம் ரெண்டு கட்டையா, ரெண்டரையா?"ன்னு யாராவது கேட்டா போன் போட வேண்டியதில்ல. கூட வாசிச்சவங்க பேர் விட்டுப்போய் வருத்தம் வர்றதும் இருக்காது.

இந்தக் காலி அமைப்பை ஒரு தடவை செஞ்சு டெம்ப்ளேட்டா வச்சுக்குங்க. புதுப் பாட்டுன்னா காப்பி, பேஸ்ட், பேர் மாத்து. அவ்வளவுதான்.

ரெக்கார்ட் பட்டனுக்கு முன்னாடி பேர்

பெரும்பாலான சாஃப்ட்வேர் டிராக்கோட பேரை வச்சுத்தான் ரெக்கார்ட் ஆகிற ஃபைலுக்குப் பேர் வைக்கும். டிராக்குக்குப் பேர் வைக்காம ரெக்கார்ட் பண்ணா, டிஸ்க்ல "ஆடியோ 1_01", "ஆடியோ 1_02"ன்னு ஐம்பது ஃபைல் நிக்கும். என்னைக்காவது முகவரி உடைஞ்சு கையால தேட வேண்டிய நிலைமை வந்தா, எது வாய்ஸ், எது வயலின்னு ஒவ்வொண்ணா திறந்து கேட்கணும். டிராக்குக்கு அப்புறமா பேர் மாத்தினாலும் ஏற்கெனவே உருவான ஃபைலோட பேர் தானா மாறும்னு நம்பி உட்கார முடியாது. அதனால முதல்ல பேர், அப்புறம் ரெக்கார்ட்.

தேதியை வருஷம், மாசம், நாள் வரிசையில எழுதுங்க: 2025-01-09. இப்படி எழுதினா பேர் வரிசையும் கால வரிசையும் ஒண்ணாயிடும். எண்ணுக்கு முன்னாடி சைபர் போடுங்க: 02, 10. இல்லைன்னா பல சாஃப்ட்வேர்ல 10, 2க்கு முன்னாடி வந்து உட்காரும். ஸ்லாஷ், கோலன், கேள்விக்குறி, நட்சத்திரக்குறி வேண்டாம். விண்டோஸ் அதையெல்லாம் ஃபைல் பேர்ல ஏத்துக்காது. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு ரொம்ப ஆழமாவும் போகாதீங்க. விண்டோஸ்ல முழு முகவரிக்கு 260 எழுத்துங்கிற பழைய வரம்பு இன்னும் பல சாஃப்ட்வேர்களைக் கடிக்குது.

ஃபைல் பேரைத் தமிழ்ல வைக்கலாமா?

இது நம்மளுக்கே உரிய ஒரு கேள்வி. எனக்கும் தமிழ்ல வைக்கத்தான் ஆசை. ஆனா ஒரு சிக்கல் இருக்கு, சுவாரஸ்யமான சிக்கல்.

"கோரஸ்"னு ஒரு ஃபைலுக்குப் பேர் வைக்கிறீங்க. அந்த "கோ"வை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடா எழுதலாம். இல்லைன்னா இரட்டைக் கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடுன்னு பிரிச்சும் எழுதலாம். திரையில ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான். யூனிகோட் விதிப்படியும் ரெண்டும் சமம்தான். ஆனா டிஸ்க்ல இருக்கிற பைட் வேற வேற.

மேக்கோட பழைய எச்எஃப்எஸ் ப்ளஸ் ஃபைல் சிஸ்டம் பேரைப் பிரிச்ச வடிவத்துலதான் வச்சுக்கும். லினக்ஸ் பொதுவா பைட்டை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால ஒரு மேக்ல இருந்து வந்த ஃபோல்டரை வேற சிஸ்டத்துல திறக்கும்போது, கண் முன்னாடி "கோரஸ்" இருந்தும் சாஃப்ட்வேர் "கோரஸ் காணோம்"னு சொல்ற நிலைமை வரலாம். கொ, கோ, கௌ மூணுக்கும் இதே கதைதான். பழைய ஜிப் கருவிகள்ல தமிழ்ப் பேர் குழம்பிப் போறது தனி.

அதனால என் வழி இது: ஃபைல் பேர் ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு மட்டும். தமிழ்ப் பேர் குறிப்பு ஃபைலுக்குள்ளயும், வெளியிடும்போது மெட்டாடேட்டாவுலயும். இந்தப் பக்கத்துல ஃபைல் பேர்களைத் தமிழ்ல கொடுத்திருக்கிறது படிக்கிற வசதிக்காக. நீங்க டைப் பண்ணும்போது மாத்திக்குங்க.

"ஃபைனல்"ங்கிற வார்த்தைக்குத் தடை

கோடு எழுதுறவங்க எல்லாருக்கும் ஜிட் பழக்கம். அதையே இங்கயும் போடலாமான்னு தோணும். ஆர்பிபி மாதிரி டெக்ஸ்ட் ஃபைலுக்கு அது வேலை செய்யும். ஆனா 600 எம்பி வேவ் ஃபைலை ஜிட்டுக்குள்ள தள்ளினா ரெப்போ வீங்கிடும். அதனால சாதாரண முறையே போதும். பெரிய மாற்றம் பண்றதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட்டை அடுத்த எண்ல சேவ் பண்ணுங்க: மழைப்பாட்டு_ப03, மழைப்பாட்டு_ப04. ப்ராஜெக்ட் ஃபைல் சின்னதுதானே, எத்தனை வச்சாலும் இடம் அடைக்காது. எல்லாமே ஒரே ஆடியோவைத்தான் காட்டும்.

முக்கியமான விஷயம், மிக்ஸ் ஃபைலோட பேர்லயும் அதே எண் இருக்கணும். மழைப்பாட்டு_ப04_மிக்ஸ். நண்பன் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, "மச்சான், போன வாரம் அனுப்பினியே, அதுல வாய்ஸ் நல்லா இருந்துச்சுடா"ன்னு சொன்னா, அவன் போன்ல இருக்கிற ஃபைல் பேரைக் கேட்டாப் போதும். நேரா ப04ஐத் திறக்கலாம். "ஃபைனல்", "ஃபைனல் புது", "இதுதான் ஃபைனல்"னு மூணு ஃபைல் இருந்தா எதைத் திறப்பீங்க?

சுத்தம் பண்ணும்போது கவனம்

டிஸ்க் நிறைஞ்சதும் "பயன்படுத்தாத ஃபைலை நீக்கு"ங்கிற வசதி கண்ணுல படும். ரீப்பர்ல "க்ளீன் கரன்ட் ப்ராஜெக்ட் டைரக்டரி"ன்னு இருக்கும். இதை அழுத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. பயன்படுத்தாதது யாருக்கு? இப்போ திறந்திருக்கிற ப04க்கு. ப02ல இருந்த அந்த நல்ல டேக் ப04ல இல்லாம இருக்கலாம். அழிச்சா ப02 ஓட்டையாயிடும். அதே மாதிரி ரெண்டு பாட்டு ஒரே ஆடியோ ஃபோல்டரைப் பகிர்ந்துக்கிட்டா, ஒண்ணைச் சுத்தம் பண்ணும்போது இன்னொண்ணு காலியாகலாம். ஒரு பாட்டு, ஒரு ஃபோல்டர்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

என் விதி: பாட்டு வெளியாகிற வரைக்கும் எதையும் அழிக்கிறதில்ல. அதுக்கு அப்புறமும் 01_மூலம் ஃபோல்டரைத் தொடுறதே இல்ல. அந்தப் பத்து நிமிஷ பைரவியும் எங்க பாட்டுக்கு "பயன்படாத" பகுதிதான்.

மூணு காப்பி

பேக்கப்புக்கு 3-2-1ன்னு ஒரு விதி இருக்கு. பீட்டர் க்ரோங்கிற புகைப்படக் கலைஞர் பரவலாக்கினது. மூணு காப்பி, ரெண்டு வகை சாதனத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே. லேப்டாப்ல ஒண்ணு, வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, கிளவுட்லயோ நண்பன் வீட்டுலயோ ஒண்ணு. அவ்வளவுதான் விஷயம்.

கிளவுட் பத்தி ஒரு வார்த்தை. சிங்க் ஆகிற ஃபோல்டர் பேக்கப் ஆகாது. நீங்க இங்க அழிச்சா அது அங்கேயும் போய் அழிக்கும். குப்பைத் தொட்டியில சில நாள் இருக்கலாம், அதை நம்பி இருக்க முடியாது. ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கும்போது அந்த ஃபோல்டரை சிங்க்ல வைக்கவும் வேண்டாம். வேலை முடிஞ்சதும் காப்பி பண்ணுங்க.

இன்னொண்ணு, பழைய டிஸ்க்கும் கார்டும் ஃபேட்32ல ஃபார்மேட் ஆகியிருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 1991ல மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டு வந்த வேவ் ஃபார்மேட்டுக்கும் அளவைக் குறிக்கிற இடம் 32 பிட்தான், அதனால அதுக்கும் அதே 4 ஜிபி எல்லை. எட்டு சேனலை 32 பிட் ஃப்ளோட்ல, 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரே ஃபைலா பதிவு பண்ணா 46 நிமிஷத்துல அந்த எல்லை வந்துடும். அதனாலதான் நீளமான கச்சேரியை ரெக்கார்டர் ரெண்டு, மூணு ஃபைலா உடைச்சு வைக்குது. காப்பி பண்ணும்போது முதல் துண்டை மட்டும் எடுத்துட்டு மீதியை விட்டுடாதீங்க.

பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, திறந்து பார்க்கணும். 1998ல பிக்ஸார்ல "டாய் ஸ்டோரி 2" வேலை நடந்துட்டு இருந்தப்போ யாரோ ஒருத்தர் போட்ட டிலீட் கமாண்ட்ல படத்தோட பெரும் பகுதி அழிஞ்சு போச்சு. பேக்கப்பைத் தேடினா, அது சரியா வேலை செய்யலைன்னு அப்போதான் தெரிஞ்சுது. குழந்தை பிறந்து வீட்டுல இருந்து வேலை பார்த்த காலின் சஸ்மன்கிற சூப்பர்வைசிங் டெக்னிக்கல் டைரக்டர் கிட்ட ஒரு காப்பி இருந்ததாலதான் தப்பிச்சாங்க.

நம்ம அளவுக்கு டெஸ்ட் ரொம்ப எளிது. வெளி டிஸ்க்ல இருக்கிற காப்பியை நண்பனோட கம்ப்யூட்டர்ல திறங்க. அவன் கிட்ட உங்க கார்டும் இல்ல, உங்க டவுன்லோட்ஸும் இல்ல. எல்லா டிராக்கும் கேட்டா பாஸ். நான் அன்னைக்கு லாட்ஜ் ரூம்ல கார்டை வெளியே எடுத்துட்டு ப்ராஜெக்ட்டை ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா, இந்த எபிசோடே இருந்திருக்காது.

பத்து வருஷம் கழிச்சு

கடைசியா 04_ஸ்டெம். ப்ராஜெக்ட் ஃபைல் ஒரு சாஃப்ட்வேரோட, ஒரு வெர்ஷனோட, ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கட்டிப்போட்ட விஷயம். பத்து வருஷம் கழிச்சு அந்த ப்ளகின் இருக்குமான்னு யாராலும் சொல்ல முடியாது. வேவ் ஃபைல் முப்பது வருஷத்துக்கு மேல எல்லாத்துலயும் திறந்துட்டு இருக்கு.

அதனால பாட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. எல்லாம் பாட்டோட முதல் நொடியில இருந்தே ஆரம்பிக்கணும். வயலின் ரெண்டாவது நிமிஷத்துலதான் வருதுன்னாலும், முதல் ரெண்டு நிமிஷம் அமைதியோட எடுங்க. அப்போதான் எந்த சாஃப்ட்வேர்ல போட்டு இடது பக்கமா அடுக்கினாலும் தானா பொருந்தும். எஃபெக்ட் இல்லாம ஒரு செட், எஃபெக்ட்டோட ஒரு செட். கிராமி விருது கொடுக்கிற ரெக்கார்டிங் அகாடமியோட ப்ரொட்யூசர்ஸ் அண்ட் இன்ஜினியர்ஸ் விங், பாட்டை எப்படி ஒப்படைக்கணும்னு பரிந்துரை ஆவணமே போட்டிருக்காங்க. பெரிய ஸ்டுடியோக்காரங்களுக்கே எழுதி வைக்க வேண்டியிருக்குன்னா, நம்ம பெட்ரூம் ஸ்டுடியோவுக்கு எவ்வளவு வேணும்?

முடிக்கிறதுக்கு முன்னாடி சுருக்கமா. பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். இழுத்துப் போடுறதுக்கு முன்னாடி காப்பி. ரெக்கார்டுக்கு முன்னாடி பேர். ஃபைனலுக்குப் பதிலா எண். மூணு காப்பி, அதுல ஒண்ணை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பார்க்கணும். என் ரெக்கார்டர் பையில இப்போ ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்: "ரெண்டு இடத்துல கேட்டாச்சா?" ரெண்டு காப்பியையும் காதால கேட்காம கார்டை ஃபார்மேட் பண்றதில்ல.

அந்த வித்வான் கிட்ட அப்புறம் நானே போய் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "அந்த எட்டு வரி இருக்கா?"ன்னார். எம்பி3யைப் போட்டுக் காட்டினேன். கீ போர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவுல நாதஸ்வரம் கேட்டுது. முழுசா கேட்டுட்டு, "கூட வாசிக்கிறது கொஞ்சம் சத்தமா இருக்கு, அதைக் குறைக்க முடியுமா தம்பி?"ன்னு கேட்டார்.

முடியாதுங்க ஐயான்னு சொன்னேன். அது தனித் தனியா இல்ல, ஒரே ஃபைலா ஒட்டிப் போச்சு.

இன்னைக்கு ராத்திரி உங்க பழைய ப்ராஜெக்ட் ஒண்ணைத் திறந்து பாருங்க. அதுக்கு முன்னாடி எல்லா கார்டையும் பென் டிரைவையும் கழட்டிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.